நண்பர் விருந்தில் முழு வான்கோழி: தடைகளும் விடைகளும்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். அன்றைய விருந்து சொந்தபந்தங்களுக்கு. அதை ஒட்டி வரும் ஏதாவது ஒரு சனிக்கிழமை நண்பர்களுக்கு. அதற்குப் பிரெண்ட்ஸ்கிவிங் என்று பெயர். இரண்டிலும் வேகிறது வான்கோழிதான் என்றாலும் ஆய்வாளனுக்கு உகந்தது இரண்டாவதே. முதலாவதில் அடுப்படி அதிகாரம் ஒரு பாட்டியின் கையில் இருக்கும். அவர் சொன்னது பிரமாணம். இரண்டாவதில் வாடகை அபார்ட்மென்ட், ஒரே ஓவன், பத்துப் பேர், பதினைந்து அபிப்பிராயம். கோட்பாடுகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிறக்கின்றன.

இக்கட்டுரை நிறுவ முற்படுவது இது: முழு வான்கோழி சுடப்படுவது தின்பதற்காக அன்று, தூக்கி வருவதற்காக.

முதற் சான்று பறவையின் உடம்பு. வான்கோழி பார்வைக்கு ஒன்று, சமையலுக்கு இரண்டு. மார்புக் கறியில் கொழுப்பு குறைவு. அமெரிக்க வேளாண்மைத் துறை பாதுகாப்பு எல்லையாகச் சொல்லும் 165 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் போனால் போதும், சக்கை. தொடையோ நடந்து நடந்து உரமேறிய தசை. அதிலுள்ள கொலாஜன் இளகிக் குழைய 175-க்கு மேல் போயாக வேண்டும். ஆகவே மார்பு இறங்க வேண்டிய வேளையில் தொடை முறுக்கிக்கொண்டு நிற்கும். தொடை இறங்கும் வேளையில் மார்பு கதை முடிந்திருக்கும்.

தின்பதுதான் நோக்கம் என்றால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மார்பு தனி, தொடை தனி என்று துண்டு போட்டுவிடலாம். அல்லது முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுப் பறவையைத் தட்டையாக விரித்து, 450 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். தொடை சூட்டுக்கு நேராக வரும், மார்போடு சேர்ந்தே வேகும். சமையல் எழுத்தாளர்கள் வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள். கேட்பார் இல்லை. ஏன் எனின், விரித்துப் போட்ட பறவையைத் தட்டில் ஏந்தி ஒரு வாசலைக் கடந்து வந்து நிற்க முடியாது. வந்து நின்றாலும் யாரும் ‘ஆகா’ என்று சொல்ல மாட்டார்கள்.

முழுதாகச் சுட்டால் சுவை கூடும் என்பாரும் உளர். அற்றன்று. அவ்வளவு சுவை என்றால் பக்கத்தில் ஒரு கிண்ணம் கிரேவி எதற்கு, கிரான்பெரி சாஸ் எதற்கு? இரண்டும் உலர்ந்த மார்புக்கு முன்ஜாமீன்.

மரபுக்காகச் செய்கிறோம் என்பது அடுத்த தடை. மரபின் மூலம் என்று எல்லாரும் காட்டுவது 1621-இல் பிளிமத் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்து. அதில் கலந்துகொண்ட எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவை வேட்டைக்கு ஆள் அனுப்பிய செய்தி இருக்கிறது. இன்ன பறவை என்று இல்லை. அங்கத்திய பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் ஐந்து மான் கொண்டுவந்து கொடுத்தது மட்டும் திட்டமாக இருக்கிறது. மரபுதான் காரணம் என்றால் நியாயமாக மானைத்தான் சுட வேண்டும். அது அபார்ட்மென்ட் ஓவனில் நுழையாது.

உண்மையான மூலம் அதற்கு முன்னூறு ஆண்டு பிந்தியது. 1943 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் நார்மன் ராக்வெல்லின் ஓவியம் ஒன்று வந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, இரு பக்கமும் குடும்பம், தலைமாட்டில் ஒரு பாட்டி பொன்னிறமாய் வெந்த முழுப் பறவையைத் தட்டோடு இறக்குகிறார். அன்று முதல் அமெரிக்கர் மனசில் வான்கோழி என்றால் அந்த நிமிஷம்தான். ஆனால் படத்தை நிதானித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், பறவையைச் சட்டை செய்யவில்லை. இது நம் கோட்பாட்டுக்கு முரண் அன்றோ எனின், அன்று. அவர்கள் கையில் கைபேசி இல்லை. இன்று எல்லாரிடமும் இருப்பதால் அக்குறை நீங்கிற்று.

இனி முன்னேற்பாடு. உறைந்த பறவையை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆகும் என்பது வேளாண்மைத் துறைக் கணக்கு. 16 பவுண்டுப் பறவை நான்கு நாள் உள்ளே குடியிருக்கும். பாலும் பீரும் பால்கனிக்குப் போகும். வெள்ளி இரவில் நினைவு வந்தவருக்கு மாற்று விதி உண்டு: குளிர்ந்த தண்ணீரில் பவுண்டுக்கு அரை மணி, அரை மணிக்கொரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். அதே பறவைக்கு எட்டு மணி நேரம். பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம்.

பறவையின் வயிற்றுக்குள் கழுத்தும், கழுத்துப் பக்கத்துக் குழியில் ஒரு காகிதப் பையில் ஈரல், இரைப்பை, இருதயமும் வைத்து அனுப்புவது கம்பெனிகளின் வழக்கம். வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவியவர் கழுத்தைக் கண்டதும் கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுகிறார். பை மறுபக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அறுக்கும்போது, முதல் துண்டுக்குத் தட்டு நீட்டிய நண்பரின் கண்ணெதிரே, எண்ணெயில் ஊறிப் பழுப்பேறி வெளியே வரும். இம்மாதிரி நெருக்கடிகளுக்கென்றே பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவை நடத்துகிறது. ஆபத்துதவி எண் வைத்திருக்கும் வேறொரு பதார்த்தத்தை நான் அறியேன்.

பக்குவத்தில் கட்சிகள் பல. முதல் நாளே உப்பைத் தடவி ஊறவிடுவது உப்புக் கட்சி. வாளி நிறைய உப்புத் தண்ணீரில் முக்குவது வாளிக் கட்சி. நியூஜெர்சித் தமிழ் வீடுகளில் மசாலாக் கட்சி வலுவானது; வெண்ணெயோடு இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் குழைத்துத் தோலுக்கடியில் விரலை நுழைத்துப் பூசுவார்கள். கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் மேலோடு நின்றுவிடும். இதை அவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் மிளகாய்த்தூள் கூடிற்று.

325 டிகிரி ஓவனில் நாலு மணி நேரம். இந்த இடைவெளியில்தான் நண்பர்கள் வருகிறார்கள். வருகிறவர் ஒவ்வொருவரும், ஐஸ் கட்டிப் பையைத் தவிர வேறொன்றும் கொண்டுவராதவர் உட்பட, நேரே போய் ஓவன் கதவைத் திறந்து பார்க்கிறார். கண்ணாடி இருக்கிறது, உள்ளே விளக்கும் எரிகிறது. ஆனால் திறந்து பார்த்தால்தான் அக்கறை. திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடு வெளியேறி, சாப்பாடு தள்ளிப்போகிறது. இன்னொருவர் வடிந்த நெய்யைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றுவார். அது கறிக்குள் போகாது. மொறுமொறுப்பாக வேண்டிய தோலைத்தான் நமத்துப்போகச் செய்யும். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பார்ப்பதே முறை. ‘காலை ஆட்டிப் பாரு, ஆடினா வெந்துடுச்சு’ என்பவருக்கும் பதில் அதுவே.

வெளியே எடுத்தபின் அரை மணி ஆறவிட்டால்தான் சாறு உள்ளே தங்கும். படம் எடுக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. இயற்கையும் நம் கோட்பாட்டுக்கு உடன்பாடு. சமையலறையிலிருந்து புறப்பட்டு, மேசையைச் சுற்றிக் காட்டப்பட்டு, தேர் நிலைக்குத் திரும்புவதுபோல் பறவை மறுபடி சமையலறைக்கே போகிறது. அங்கே ஒருவர் யூடியூபைப் பார்த்துப் பார்த்து அறுக்கிறார். திரும்பி வருவது சாதாரணக் கறித்துண்டு; அதை யாரும் படம் எடுப்பதில்லை. முதலில் தீர்வது மசித்த உருளைக்கிழங்கு.

கடைசியாக, உண்டபின் வரும் தூக்கம். வான்கோழியில் உள்ள டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலமே காரணம் என்பது பரவலான கொள்கை. சாதாரணக் கோழியிலும் அது ஏறக்குறைய அதே அளவுதான். கோழி பிரியாணி தின்றுவிட்டு யாரும் அமினோ அமிலத்தின்மேல் பழி போடுவதில்லை. இரண்டு தட்டுக் கிழங்கு, இரண்டு துண்டு பூசணிப் பை, ஒயின் என்று சாப்பிட்டால் எவருக்கும் கண் சொக்கும். எனினும் இக்கொள்கை லேசில் அழியாது. பாத்திரம் கழுவ யார் வருகிறீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, சோபாவில் சாய்ந்திருப்பவர்களிடம் கைவசம் இருக்கும் ஒரே விஞ்ஞானம் இதுதான்.