வீட்டகச் சுரங்கவியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

'சுரங்கம்' என்ற சொல்லிலேயே முதல் ஐயம். தோண்டப்படுவது எது? பிட்காயின் எந்திரம் மண்ணையும் தொடுவதில்லை, மலையையும் தொடுவதில்லை. ஓர் எண்ணைப் போட்டு, எஸ்.எச்.ஏ-256 என்னும் கணக்கில் இரண்டு தடவை அரைத்து, வந்த விடை குறித்த அளவுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் அடுத்த எண். எனவே இதற்கு 'அரவை' என்பதே தகுந்த பெயர். இந்த முடிவுக்கு நான் வருவதற்கு முன்பே கீழ்வீட்டு மாமி வந்துவிட்டார். "என்னப்பா, மாடில மாவு மில்லு வச்சிருக்கியா? மிளகாய் அரைப்பியா?"

மாமி குறிப்பிட்ட மில், 2016-இல் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்9. நான் வாங்கியது பழசு. ஒரு செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி, நடுவே மூன்று பலகைகளில் 189 சில்லுகள். நொடிக்குப் பதின்மூன்றரை லட்சம் கோடித் தடவை அரைக்கும். வேறொரு வேலையும் தெரியாது. ஒரு கடிதம் தட்டச்சு செய்யக்கூட உதவாது.

மேசைக் கணினிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2009-இல் எல்லா வேலையும் அதனுடையதுதான். பிறகு விளையாட்டுப் பிரியர்களின் கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. 2013-இல் இதற்கென்றே வார்த்த சில்லுகள் வந்தன. எஸ்9-க்குச் சொந்தமாகவே சிறு மூளை உண்டு. கேபிளை நேராக ரௌட்டரில் செருகினால் போதும். கணினியில் பிரௌசரைத் திறந்து, எந்தப் பலகை எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓய்வு பெற்ற தாசில்தார் பழைய அலுவலகத்துக்கு வந்து, "எல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று விசாரித்துவிட்டுப் போவதைப் போல.

இனி நூற்பா:

ஒலியும் வெப்பும் கட்டணச் சீட்டும்
செல்வம் வருமுன் சேரும் என்ப.

'என்ப' என்றமையான் இது முன்னோர் கூற்று என்க. முன்னோர் எனப்பட்டார் எனக்கு இதை விற்றவர். "சூப்பரா ஓடுதுங்க, வீட்ல இடமில்லாமத்தான் குடுக்கறேன்" என்றார். இடமின்மை அன்று, உறக்கமின்மையே காரணம் என்பதைப் பின்னர் உய்த்துணர்ந்தேன்.

ஒலியை முன்வைத்தது ஏன் எனின், சுவிட்சைப் போட்டதும் முதலில் வருவது அதுவாதலின். ஏறக்குறைய 75 டெசிபல். கூடத்தில் வைத்தேன், தொலைக்காட்சித் தொடரில் அழுகிறவர்களின் வாய் மட்டும் அசைந்தது. படுக்கையறைக்குக் கொண்டுபோனேன், ஒரே இரவு. கடைசியில் குளியலறைக்கு வெளியே, கீசரின் 15 ஆம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே குடியேற்றினேன். இந்தப் புலப்பெயர்ச்சியைத் தனி இயலாக விரிக்கலாம், வீட்டார் விரும்பவில்லை.

கட்டணம். இழுப்பது 1,320 வாட். நாளொன்றுக்கு 32 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாதத்துக்கு 1,900. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை இது மூன்று நாள் நான்கு மணி நேரத்தில் தின்று தீர்க்கும். ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். "ஏசி எத்தனை சார்?" என்றார். "ஒண்ணுகூட இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை.

செல்வம் எப்போது வரும்? 2024-இல் உலகெங்கும் உள்ள எந்திரங்கள் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 60 லட்சம் கோடி கோடி அரவையைத் தாண்டின. அந்த அளவிலேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டாலும், தனியாக ஓடும் ஓர் எஸ்9-க்கு ஒரு பிளாக், அதாவது விடை கண்டவருக்குப் பரிசு தரும் கணக்கேட்டுப் பக்கம், கிடைக்கச் சராசரியாக 845 ஆண்டு ஆகும். மூன்றாம் குலோத்துங்கன் 1178-இல் பட்டத்துக்கு வந்த கையோடு சுவிட்சைப் போட்டிருந்தால், ஏறக்குறைய இப்போது 3.125 பிட்காயின் கைக்கு வந்திருக்கும். அவன் திரிபுவனத்தில் கோயில் கட்டினான். கெட்டிக்காரன்.

எல்லாரும் கூடுதலாக எந்திரம் வாங்கினால் சீக்கிரம் கிடைக்காதா எனின், கிடைக்காது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை கணக்கின் கடினம் தானே திருத்தப்படும். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது மாறாது. ஊரே கூடி வடம் பிடித்தாலும் தேர் அதே வேகத்தில்தான் நகரும். கை மட்டும் காய்க்கும்.

'பூல்' என்னும் கூட்டுமுறை உண்டே என்பார்க்கு: உண்டு. பலர் சேர்ந்து அரைத்து, கிடைத்ததை அவரவர் அரவைக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வது. மேற்படி அளவில் என் பங்கு நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் சடோஷி. பத்துக் கோடி சடோஷி சேர்ந்தது ஒரு பிட்காயின். ஒரு பிட்காயின் 60 லட்சம் ரூபாய்க்குப் போனாலும் எனக்கு 60 ரூபாய். அதற்கு 32 யூனிட் கரண்ட். 2022 ஏப்ரல் முதல் இந்த வகை லாபத்துக்கு 30 சதவீத வரி. அரைக்க ஆன செலவைக் கழிக்கவும் வழியில்லை. வரி கட்டும் அளவுக்கு நான் லாபம் பார்க்கப் போவதில்லை என்பதால் இவ்விடத்தில் உரை சுருங்கிற்று.

நூற்பாவில் நடுவே நின்ற வெப்பத்தை உரையில் இறுதிக்கு வைத்தது அதன் சிறப்பு நோக்கி. உண்ட மின்சாரம் அனைத்தையும் இது வெப்பமாகவே கக்கும். குளிர்நாடுகளில் இதை வைத்து அறையைச் சூடேற்றிக்கொள்வோர் உண்டு. நமக்கோ வெயிலே மிச்சம். சித்திரை மாதம் அதன் பின்புற விசிறிக்கு நேரே ஐந்து நிமிடம் நின்றவர் இவ்வாராய்ச்சியைக் கைவிடுவார், நானும் கைவிட்டேன். எந்திரம் பரணுக்குப் போயிற்று, இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. வீடெங்கும் ஈரத்துணி வாடை. நாற்காலி முதுகிலெல்லாம் வேட்டியும் துண்டும். அம்மா பரணை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா, அந்த மில்லை எறக்கி ஒரு மணி நேரம் ஓட்டேன். உள்பாவாடை ஒண்ணுகூடக் காயலை."