தர்மம் 1200 மீட்டருக்கு முன்னால்

தத்துவத்தில் எம்.ஏ. படித்தவனுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். படிக்கும்போது, "இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" படித்து முடித்து, சம்பந்தமே இல்லாத வேலையில் சேர்ந்து, காதோரம் நரைக்கத் தொடங்கியதும், "நீங்க தத்துவம் படிச்சவர்தானே, இது தப்பா சரியா, நீங்களே சொல்லுங்க." முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்ல யாரும் என்னை விட்டதில்லை.

காரணம் எளிது. நியாயம் கேட்டு வருகிறவர்கள் நியாயத்துக்காக வருவதில்லை, கையெழுத்துக்காக வருகிறார்கள். சான்றிதழ் நகலில் பச்சை மையால் ஒப்பமிட கெஜடட் ஆபீசரைத் தேடி அலைவதுபோல என்னைத் தேடுகிறார்கள். அசலை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

எதிர் வீட்டுக்காரர் குளியலறைக்கு டைல்ஸ் வாங்கப் போனார். "பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?" என்று கடையில் கேட்டார்களாம். பில் இல்லை என்றால் 18 சதவீதம் மிச்சம். நாட்டில் ஊழல் எப்படிப் பெருகிவிட்டது என்று தினமும் காலை நடைப்பயிற்சியில் எனக்குப் பாடம் எடுப்பவர் இவர். "நாம கட்டுற வரியெல்லாம் எங்கே போகுதுன்னு யாருக்காவது தெரியுமா? அதைக் கட்டாம விடுறதும் ஒரு வகையில தர்மந்தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது. வரி எங்கே போனது என்று தெரியாது, இவர் வரி எங்கே போனது என்று தெரியும். காலில் வழுக்காத ரகமாம்.

என் மைத்துனர் டாக்டர். மருந்து கம்பெனிகள் டாக்டர்களுக்கோ அவர்கள் குடும்பத்தினருக்கோ பரிசு எதுவும் தரக்கூடாது, பயணச் செலவையும் ஓட்டல் செலவையும் ஏற்கக்கூடாது என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு விலக்கு உண்டு: மருத்துவக் கருத்தரங்கில் அவர் பேச்சாளராக இருந்தால் பரவாயில்லை. அதைப் படித்த அன்றே மைத்துனர் போன் செய்தார். "அத்தான், நன்றியுரை சொன்னா ஸ்பீக்கர் கணக்குல வருமா?"

ஆக, கேள்விகள் எல்லாம் விலக்கைப் பற்றியவை. விதியைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை.

பொய் சொல்லலாமா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் எதிர்த்தரப்பு எப்போதும் திருக்குறளோடு வரும். வாய்மை அதிகாரத்தில் 292ஆவது குறள், நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று சொல்கிறது. வள்ளுவர் அந்த நன்மைக்கு ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்: அதில் குற்றம் துளியும் இருக்கக்கூடாது. நம்மவர்கள் நிபந்தனையை வள்ளுவரிடமே விட்டுவிட்டு மீதியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் குழந்தைகள் ஐந்து வயதை எட்டுவது அவ்வளவு எளிதல்ல. ஐந்துக்குள் என்றால் ரயிலில் டிக்கெட் கிடையாது. ஐந்து முடிந்தால் அரை டிக்கெட், பெர்த் வேண்டுமென்றால் 2016 முதல் முழு டிக்கெட். அதனால் எல்லாக் குழந்தைகளும் நாலரை வயதில் நெடுங்காலம் தங்குவார்கள். இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டை நாலரை வயதில் ஒப்பித்த மேதைகள் எங்கள் வம்சத்தில் ஏராளம்.

தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் இவர்களை ரயிலிலேயே ஏற்றியிருக்க மாட்டார். அவர் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் வந்து நின்று, அவன் உன் வீட்டில்தான் ஒளிந்திருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். பொய் சொல்லி, அதற்குள் நண்பன் பின்வாசல் வழியாக வெளியேறி, கொலைகாரன் அவனைத் தெருவில் பிடித்துவிட்டால் அந்தப் பழி உன்னைத்தான் சேரும் என்பது அவர் வாதம். இதே வழக்கு மகாபாரதத்தில் கர்ண பர்வத்தில் ஏற்கெனவே விசாரிக்கப்பட்டிருக்கிறது. கௌசிகர் என்ற தவசி உண்மையைத் தவிர எதையும் பேசுவதில்லை என்று விரதம் பூண்டவர். கொள்ளையருக்குப் பயந்து சிலர் காட்டுக்குள் ஒளிய, பின்னால் வந்த கொள்ளையர் வழி கேட்க, இவர் விரதம் பிசகாமல் கைகாட்டிவிட்டார். அவர்கள் செத்தார்கள், இவர் நரகத்துக்குப் போனார். அண்ணன் மீதே வாளை உருவிவிட்ட அர்ஜுனனுக்குக் கிருஷ்ணன் சொல்லும் கதை இது. கான்ட்டாக இருந்தால் கௌசிகருக்குச் சால்வை போர்த்தியிருப்பார்.

இப்படிப் பெரியவர்களே ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னால் நாம் யாரிடம் போவது? அறவியலையே பிழைப்பாக வைத்திருக்கும் பேராசிரியர்களிடம் போகலாம் என்றால், அந்த வழியை எரிக் ஷ்விட்ஸ்கெபல், ஜோஷுவா ரஸ்ட் என்ற இரண்டு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர்கள் அடைத்துவிட்டார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழக நூலகங்களில் எந்தத் தத்துவப் புத்தகங்கள் அதிகம் காணாமல் போகின்றன என்று ஷ்விட்ஸ்கெபல் எண்ணிப் பார்த்தார். பேராசிரியர்களும் முதிர்ந்த மாணவர்களும் மட்டுமே புரட்டக்கூடிய அறவியல் நூல்கள், மற்றத் தத்துவ நூல்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாகக் காணாமல் போயிருந்தன. 1900க்கு முந்தைய அறவியல் செவ்வியல் நூல்கள் என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதோடு விடவில்லை. 2014இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பாலூட்டிகளின் இறைச்சியை வழக்கமாகச் சாப்பிடுவது தவறு என்று அறவியல் பேராசிரியர்களில் 60 சதவீதம் பேர் சொன்னார்கள். முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது 37 சதவீதம் பேர் தட்டில் அதுதான் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு போன் செய்வதிலும் அவர்கள் மற்றவர்களைவிட ஒரு படி உயரவில்லை. தத்துவ மாநாடுகளில் கதவை அறைந்து சாத்துகிறவர்கள் யார் என்றுகூட ஓர் ஆய்வு நடந்தது. அறவியல் அரங்கில் கதவுச் சத்தம் ஒன்றும் குறையவில்லை. சுற்றுச்சூழல் அறவியல் அரங்கில் மட்டும் குப்பை குறைவாகக் கிடந்ததாம். நான் நிம்மதியடைந்தேன். எம்.ஏ.வோடு படிப்பை நிறுத்தியதால் நூலகங்களுக்கு ஆன நன்மை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நிலையில் எனக்கு உருப்படியாக ஒரு பாடம் சொன்னவர் என் தாய்மாமா. விழுப்புரம் பக்கம் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை, தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபுட் 1967இல் எழுப்பிய புகழ்பெற்ற புதிரை அவரிடம் எடுத்து விட்டேன்.

"மாமா, ஒரு டிராலி கட்டுப்பாடில்லாம ஓடி வருது..."

"டிராலியா? அதுக்கு நாலு டிராலிமேன் இருப்பானே. தூக்கி ஓரமா வைக்க வேண்டியதுதானே?"

"சரி, ரயில்னு வெச்சுக்குங்க. தண்டவாளத்துல அஞ்சு பேர் வேலை செய்யறாங்க. திருப்பி விட்டா இன்னொரு லைன்ல ஒருத்தர் இருக்கார். அஞ்சு பேரைக் காப்பாத்த அந்த ஒருத்தரைச் சாகடிக்கலாமா?"

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு பேர் எப்படி இறங்கினாங்க? லைன் பிளாக் வாங்கினாங்களா?"

"அது தெரியாது மாமா."

"பேனர் கொடி கட்டினாங்களா?"

"அதெல்லாம் அந்தப் புத்தகத்துல இல்ல."

"மேஸ்திரி எங்கே போனான்?"

ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பின்னால் சேர்த்த குண்டு மனிதரையும் இறக்கிப் பார்த்தேன். பாலத்தின்மேல் நிற்கும் ஒரு பருத்த ஆளைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டால் வண்டி நிற்கும், ஐந்து பேரும் பிழைப்பார்கள், தள்ளலாமா? "எருமை மேல ஏறியே வண்டி நிக்காமப் போயிருக்கு, மாப்ளே. ஒரு ஆள் விழுந்தா நிக்குமாம். ஆறாவதா அவனும் போவான், ஏழாவதா நீ ஜெயிலுக்குப் போவ" என்றார்.

பிறகு விரலை மடக்கிச் சொன்னார். "ஆள் இறங்கி வேலை செய்யற இடத்துக்கு 600 மீட்டர் முன்னாடி பேனர் கொடி. 1200 மீட்டர் முன்னாடி டெட்டனேட்டர், மூணு, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில. சக்கரம் ஏறினதும் டப்புனு வெடிக்கும். டிரைவர் தூங்கினாலும் எழுந்து பிரேக் போடுவான். இதைச் செஞ்சிருந்தா உன் ஆளு லீவர் பக்கமே போக வேண்டாம். லீவரைப் பிடிச்சுக்கிட்டு தர்மசங்கடம்னு அழறவன் யார் தெரியுமா? காலைல கொடி கட்டாம டீ குடிக்கப் போனவன்."

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை மாமா ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

புதிருக்கு இது விடையாகாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் என்னிடம் வரும் கேள்விகளுக்கு இதுதான் விடை. டி.டி.இ. வந்து நிற்கும்போது பிள்ளையின் வயது என்ன என்பது லீவர் பக்கத்துக் கேள்வி. அதன் டெட்டனேட்டர் டிக்கெட் எடுத்த அன்றே வைத்திருக்க வேண்டியது. டைல்ஸ்காரரின் 18 சதவீதம், குளியலறைக்கு எஸ்டிமேட் போட்ட நாளில் சேர்த்திருக்க வேண்டிய தொகை. மைத்துனர் நன்றியுரையைப் பற்றிக் கேட்டிருக்கவே வேண்டாம், முதல் பேனாவை வாங்காமல் இருந்திருந்தால்.

மாமாவுக்குத் துணையாக ஓர் ஆய்வும் இருக்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியார் ஆகப் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமுவதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். தலைக்குள் எந்தக் கதை இருந்தது என்பது பெரிதாக உதவவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில் அந்த ஆளைத் தாண்டிப் போனவர்களும் உண்டு.

இதைப் படித்ததும் சென்னை எனக்கு விளங்கிவிட்டது. ராங் சைடில் வண்டியை விட்டு நம்மையே முறைக்கிறவர் கெட்டவர் அல்ல. பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அவர் உத்தமர். அம்பத்தூரில் தலையில் எண்ணெயோடு நின்றபடி "கிண்டி தாண்டிட்டேன் சார்" என்று சொல்கிறவருக்குப் பொய்யில் ஒரு நாட்டமும் கிடையாது. அவருக்குத் தேவை கான்ட் இல்லை, அலாரம். அதற்குப் பிறகு யார் என்ன தர்மம் கேட்டாலும் "சீக்கிரம் கிளம்புங்க" என்றே சொல்லி வந்தேன். ஆச்சரியம், பாதிப் பேருக்குப் பொருந்தியது.

எங்கள் தெருமுனை இஸ்திரி அக்காவிடம் வரும்வரை.

அது தேர்தல் சமயம். பணப் பட்டுவாடாவுக்காக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலையே ரத்து செய்த சரித்திரம் நம்முடையது. மாமாவும் நானும் துணி வாங்கப் போயிருந்தோம். அக்கா பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தார்.

"சார், ரெண்டு கட்சியும் வந்து குடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் போடறேன்னு சொல்லிட்டேன். இப்போ யாருக்குப் போட்டா நியாயம்?"

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவு இருவரையும் சேர்த்தே சொல்கிறது, ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்றேன். "எங்க தெருவையே உள்ளே வெச்சா துணி யார் தேய்ப்பாங்க?" என்றார். கான்ட் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். இரண்டு வாக்குறுதியையும் காப்பாற்று என்றால் ஓட்டு ஒன்றுதான். ஒன்றை மீறு என்றால் அவர் கான்ட் இல்லை.

மாமா தொண்டையைச் செருமினார். "அம்மா, இதெல்லாம் முன்னாடியே பார்க்கணும். அவங்க தெருவுக்குள்ள நுழையும்போதே நீ கதவைச் சாத்தியிருக்கணும்."

அக்கா பெட்டியை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். "சாத்தினா, வாங்காத வீடுன்னு நோட்டுல குறிச்சிக்கிட்டுப் போவாங்க, ஐயா. அப்புறம் தண்ணி லாரி எங்க சந்துல நிக்குமா?"

மாமா வாயை மூடிக்கொண்டார். 1200 மீட்டருக்கு முன்னால் டெட்டனேட்டர் வைக்க வேண்டிய ஆளே வண்டியை ஓட்டி வந்தால் என்ன செய்வது என்று ரயில்வே விதிப்புத்தகத்தில் இல்லை.

"அதான் நானே ஒரு வழி யோசிச்சேன்" என்றார் அக்கா. "வீட்டுல நாலு ஓட்டு. ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சிடலாம்னு பார்த்தேன். ஆனா ஒருத்தங்க ஓட்டுக்கு ஆயிரம் குடுத்தாங்க, இன்னொருத்தங்க ஐந்நூறுதான். ரெண்டுக்கு ஒண்ணுன்னு பார்த்தா நாலு ஓட்டு பிரிய மாட்டேங்குது. ஆறு இருந்தா கணக்கு சரியா வரும். சார் ஏதோ இதுக்குன்னே படிச்சவராமே, நீங்க சொல்லுங்க."

அவரவர் தகுதிக்கேற்ற விகிதத்தில் பங்கிடுவதே நீதி என்று அரிஸ்டாட்டில் எழுதியதை நான் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தேன். அதில் மீதி வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும் அக்கா" என்று சொல்லித் துணியைக்கூட எண்ணாமல் நடையைக் கட்டினேன். அந்தப் பிரின்ஸ்டன் பிள்ளைகள்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அவர்களில் 10 சதவீதம் பேராவது நின்றார்கள்.