கம்பெனியே இப்படிச் செய்ததில்லை!

மதுரை வாசகர்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுசு மாதிரி ஆக்கினால் அதையும் குறை சொல்கிறார்களாமே?

புதுசு மாதிரி ஆக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதுசை விடப் புதுசாக ஆக்கும்போதுதான் தகராறு.

1963 கார்வெட் ஸ்டிங் ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை அந்த மாடலில் 21,513 வண்டிகளை வெளியே தள்ளியது. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ், தனித்தனியாக வார்த்து ஒட்டியது. ஒட்டிய இடம் பெயிண்டுக்கு அடியில் லேசான கோடாகத் தெரியும். மேலே அடித்தது லேக்கர் பெயிண்ட்; கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பளபளப்பு, தெரியாத இடத்தில் சொரசொரப்பு. கதவு இடுக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு.

இன்றைய பட்டறைக்காரர் அந்தக் கோட்டைத் தேய்த்தே ஒழிக்கிறார். இடுக்குகளை அளவுகோல் வைத்துச் சமன் செய்கிறார். கடைசியில் கிளியர் கோட் என்ற கண்ணாடிப் பூச்சு. அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். பிரமாதமான வண்டிதான். 1963இல் எந்த ஷோரூமிலும் அப்படி ஒன்று நின்றதில்லை, அவ்வளவுதான்.

கோவை வாசகர்: "அந்தக் காலத்து வண்டி இரும்புடா!" என்பார் என் மாமனார். நீங்களோ தொழிற்சாலையையே மட்டம் தட்டுகிறீர்கள்.

மாமனார் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. இரும்பேதான். அதனால்தான் துருப்பிடித்தது. 1964இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911-க்கே, உடம்பு முழுக்கத் துத்தநாகப் பூச்சு கிடைத்தது 1976 மாடலில்தான். அதுவரை ஜெர்மன் பொறியியலும் ஜெர்மன் மழையும் நேருக்கு நேர் மோதின. பல குளிர்காலங்களில் மழையே ஜெயித்தது.

ஜாகுவார் ஈ-டைப் 1961இல் ஜெனீவா கண்காட்சியில் வந்தபோது பிரிட்டனில் விலை சுமார் 2,100 பவுண்டு. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகிலும் வேகத்திலும் கை வைக்காமல் பாதி விலைக்குத் தர வேண்டுமென்றால் வேறு எங்கோ கை வைத்துத்தானே ஆக வேண்டும்? ஜாகுவாரின் கவென்ட்ரி தொழிற்சாலையில் தகடுகளின் இணைப்பை ஈயம் பூசி மறைத்து, இழைத்து, பெயிண்ட் அடித்து, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். மட்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். விலைக்கேற்ற வேலை.

திருநெல்வேலி வாசகர்: கோடிக்கணக்கில் விற்கும் ஃபெராரியாவது ஒழுங்காக இருந்திருக்குமே?

250 ஜிடிஓ மொத்தம் 36 தான். அவற்றில் ஒன்று 2018இல் மான்டரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அதன் அலுமினிய உடம்பை மொடீனாவில் ஸ்காலியெட்டி பட்டறைக்காரர்கள் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒத்துப்போகாது. ஒரு வண்டி போல இன்னொன்றும் இருக்காது. இன்றைக்கு ஒருவர் கம்ப்யூட்டரில் அளந்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கினால், வண்டியைச் செய்தவர்களின் கையெழுத்தை ரப்பர் வைத்து அழித்த மாதிரி.

சேலம் வாசகர்: போட்டிகளில் நடுவர்கள் இதையெல்லாம் கண்டுபிடித்து மார்க் குறைப்பார்களா?

குறைப்பார்கள். அங்கேதான் கூத்து ஆரம்பம்.

கார்வெட் பிரியர்களுக்கென்று என்சிஆர்எஸ் என்ற அமைப்பு 1974 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. அவர்களுடைய கேள்வி "எவ்வளவு அழகு?" என்பதல்ல, "தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இப்படித்தான் இருந்ததா?" என்பது. மொத்தம் 4,510 புள்ளிகள். 94 சதவீதம் எடுத்தால் 'டாப் ஃப்ளைட்' விருது. கம்பெனி செய்ததை விட நன்றாகச் செய்திருந்தாலும் வெட்டு உண்டு. உலகத்திலேயே நூற்றுப் பத்து எடுத்தவனை ஃபெயிலாக்கும் பரீட்சை இதுவாகத்தான் இருக்கும்.

விளைவு என்ன? பட்டறைக்காரர்கள் இப்போது அலட்சியத்தைப் பயிற்சி செய்கிறார்கள். சேசிஸ் மேல் பெயிண்ட் வழிந்த மாதிரி வழிய விடுகிறார்கள். பக்கத்துப் பாகத்தில் தெறித்த மாதிரி தெறிக்க விடுகிறார்கள். அன்றைக்குத் தொழிலாளர்கள் பாகங்களின் மேல் மெழுகுக் கட்டியாலும் சாக்பீஸாலும் எண்ணும் குறியும் கிறுக்கிவிட்டுப் போவது வழக்கம். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற அவசரத்தில் ஓர் ஆள் இழுத்த இழுப்பை, இன்று இன்னோர் ஆள் பழைய போட்டோவைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே கோணலில் இழுக்கிறார். கூலி மணிக்கணக்கில்.

இதுவும் எனக்கு உவப்பில்லை. பளபளப்புக்காரர் வண்டியைப் பற்றிப் பொய் சொல்கிறார். இவர் ஆராய்ச்சி செய்து பொய் சொல்கிறார். தெரியாமல் செய்த தப்புக்கு ஒரு கம்பீரம் உண்டு. தெரிந்தே செய்த தப்புக்கு ரசீதுதான் உண்டு. இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவர் பக்கம்தான் நிற்பேன். வண்டி எப்படி இருந்தது என்று இவராவது விசாரித்திருக்கிறார்.

தஞ்சாவூர் வாசகர்: நாலு சாக்பீஸ் கோடு போனால் என்ன குடிமுழுகிவிடும்?

அதே மாதிரி வேறு சிலதும் சேர்ந்து போகும். 1967 முதல் கார்வெட்டின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி அனுப்பினார்கள். எந்த என்ஜின், எந்த ஆக்சில், என்னென்ன கூடுதல் வசதி என்று அந்த வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும். "பழைய டேங்க், அழுக்கு" என்று சுரண்டி எறிந்தவர்கள் பிறகு அதே தகவலைத் தேடி அலைந்தார்கள். உடம்பையும் சேசிஸையும் மணல் பீய்ச்சித் துடைத்து எடுத்தால் மூலப் பெயிண்ட், ஸ்டென்சில் எண், ஆய்வாளர் குறி எல்லாம் ஒரே மதியத்தில் காலி. அதற்குப் பிறகு வண்டி ஒரிஜினல்தான் என்று நிரூபிக்க உரிமையாளரின் வாய்ச்சொல் மட்டும்தான் மிச்சம்.

நாகர்கோவில் வாசகர்: 'கம்பெனி ஃபிட்டிங்' என்று சொல்லவே முடியாத ஸ்போர்ட்ஸ் கார் உண்டா?

உண்டு. லோட்டஸ் எலான், 1962. பிரிட்டனில் முழு வண்டியாக வாங்கினால் விற்பனை வரி. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆகவே லோட்டஸ் முதலாளி கொலின் சாப்மன் எலானைப் பெட்டி கணக்கிலும் விற்றார். பெயிண்ட் அடித்த உடம்பு வரும். என்ஜினும் சக்கரமும் மாட்டுவது உங்கள் பாடு. எப்படிப் பூட்டுவது என்று விளக்கக் கூடாது என்பதால், எப்படிக் கழற்றுவது என்று விளக்கி, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று லோட்டஸ் பிரியர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1973இல் புதிய வரி வந்ததும் அந்த லாபம் போயிற்று.

இப்போது சொல்லுங்கள், நார்ஃபோக்கில் ஒரு கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை கோணலாக முடுக்கிய போல்ட்டை, நீங்கள் நேராக முடுக்கினால் அது ரெஸ்டரேஷனா, அத்துமீறலா? நடுவர்களிடம் கேட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

விழுப்புரம் வாசகர்: ஒரிஜினல் என்று துருவையும் விட்டுவைக்க வேண்டுமா?

வேண்டாம். பிரேக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். மரத்தில் மோதி நிற்பது எந்தக் கம்பெனியின் ஒரிஜினல் அமைப்பும் அல்ல.

சிங்கப்பூர் வாசகர்: பளபளப்பே இல்லாத வண்டி பெரிய பரிசு வாங்கியதுண்டா?

அமெரிக்காவில் பெபிள் பீச் பழைய கார் போட்டி 1950 முதல் நடக்கிறது. புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்த ஒரு வண்டிக்கு அங்கே முதல்முறையாகத் தலைசிறந்த கார் பட்டம் கிடைத்தது 2024இல்தான். 1934 புகாட்டி டைப் 59. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தபின் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் போன வண்டி. உரிந்த கறுப்புப் பெயிண்டோடு புல்தரையில் வந்து நின்றது. சுற்றிலும் பல வருடம் பாலிஷ் போட்ட வண்டிகள். பாலிஷ் போட்டவர்களின் முகத்தை யாரும் படம் எடுக்காதது வருத்தம்.

புதுச்சேரி வாசகர்: கடைசியாக ஒன்று. காரைக் கழுவவாவது கழுவலாமா?

தாராளமாக. மேலே மட்டும். அடியில் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கும் பையனை முதலில் டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.