காலைக் காபியும் பெருங்குடலும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

காபி குறித்துத் தமிழில் ஆய்வு இல்லை என்று சொல்வதற்கில்லை. காபி புதிதாக வந்த நாளில் தமிழ்ச் சமூகம் அதை ஏசிக்கொண்டே குடித்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதிவிட்டார். ஆவணங்களைத் தேடிப் படித்ததோடு நில்லாமல், பிறர் படிக்கும்படியாகவும் எழுதிவிட்டதால் பின்வரும் ஆய்வாளர்களுக்குப் பெருஞ்சங்கடம். எஞ்சியிருப்பது வயிறு ஒன்றே. தொண்டைக்கு மேலே உள்ளது சமூக வரலாறு. தொண்டைக்குக் கீழே உள்ளது ஆய்வு இடைவெளி.

ஆய்வு எல்லை: அதிகாலை முதல் காலை பத்து மணி வரை. மாலைக் காபி தனி ஆய்வுக்குரியது.

கருதுகோள்: காபி உடம்பை ஏதோ செய்கிறது.

முதன்மை ஆதாரம்: பெரியப்பா. துணைமை ஆதாரங்கள்: மருத்துவ இதழ்கள். இரண்டும் முரண்படும் இடங்களில் பெரியப்பாவே ஏற்கப்பட்டார். மருத்துவ இதழ்கள் நம் வீட்டில் தங்கியிருப்பதில்லை.

1. மூளை

காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலர் ஃபிரீட்லீப் ரூங்கே, ஆண்டு 1819. கொட்டையைக் கையில் கொடுத்து ‘இதை ஆராய்ந்து பார்’ என்றவர் மகாகவி கதே. தலைப்புக் கொடுத்தமைக்காகக் கட்டுரையில் தம் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கதே கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு நெறியாளர் தகுதி இருந்திருக்காது எனக் கருத இடமுண்டு.

விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் நமக்குக் கண்ணைச் சொக்கும். காஃபீன் முந்திக்கொண்டு ஏறி அந்த இருக்கைகளில் துண்டு போட்டுவிடுகிறது. களைப்பு இறங்கிப் போய்விடுவதில்லை. நின்றுகொண்டே கூட வருகிறது. துண்டு போட்டவர் எழுந்திருக்க நேரமாகும். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் வேண்டும். புகைப்பவருக்கு இது சீக்கிரம் கழியும். கருவுற்ற பெண்களுக்கு மிகவும் தாமதமாகும்.

1.1 விரதத் தலைவலி

காபியையும் விட்டுவிட்ட விரத நாளில் பெரியம்மாவுக்கு வரும் தலைவலி, பக்தியின் முற்றிய நிலை என்று எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. வழக்கமாகக் குடிப்பவர் காபியை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இத்தலைவலி தொடங்கும் என்கிறது மருத்துவம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் இதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டது. இம்முடிவு மறுக்கப்படுகிறது (பெரியம்மா, வாய்மொழி, நெற்றியில் சுக்குப் பற்றுடன்).

2. கல்லீரல்

நல்லது என்கிறார்கள். கல்லீரல் இதுவரை மறுக்கவில்லை.

3. இரத்தம்

சாப்பாட்டோடு காபி குடித்தால் தானியம், கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். டிபன் முடிந்த கையோடு காபி கேட்கும் ஒரு நாகரிகத்தில் இதை எடுத்துச் சொல்லும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.

4. இதயமும் வடிகட்டியும்

காபியின் எண்ணெய்ப் பசையில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. அது கெட்ட கொழுப்பை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். துளை போட்ட பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. காகிதத்தில் வடித்த காபியைப் பெரியப்பாவிடம் நீட்டினோம். அவர் பார்த்த பார்வையை எழுத்தில் பதிவுசெய்யும் முறையியல் இன்னும் உருவாகவில்லை.

5. சிக்கரி

வறுத்த வேர். காஃபீன் அறவே இல்லை. காபி, சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். எது எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. ஆய்வேடுகளிலும் கலப்பு உண்டு; மேலட்டையில் அச்சிட வேண்டும் என்ற விதிதான் இல்லை.

6. புற்றுநோய்

1981-இல் ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மாஹனும் குழுவினரும் காபிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டவர்களில் பலர் வயிற்றுக் கோளாறுக்காக மருத்துவரிடம் வந்தவர்கள். அதனாலேயே காபியைக் குறைத்திருக்கக்கூடியவர்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் யாருமே காபிக்குடியராகத்தான் தெரிவார்கள். அடுத்து வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. 1991-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காட்டி, காபியைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் அதே முகமை அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. 25 ஆண்டுக் காலம் காபி ஜாமீனில் இருந்தது. இம்மூன்று நிகழ்வுகளின்போதும் பெரியப்பா குடித்தது காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. ஆய்வுலகம் நிலைமாறிக்கொண்டே இருக்க, டம்ளர் நிலைமாறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எடுக்கும்போது முகமை ஒன்றை மட்டும் விட்டுச் சென்றது: 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்ற ஐயம். இதற்குரிய கருவியை நாம் முன்பே செய்து வைத்திருக்கிறோம். வலக்கை டம்ளரை முகத்துக்கு நேரே உயர்த்தும். இடக்கை டபராவை இடுப்பளவில் பிடிக்கும். இடையில் காபி அறாமல் இறங்கும். இரண்டு வீச்சில் நுரை கட்டி, மூன்றாவதில் சூடு தணியும். ஆனால் மூன்றாவது வீச்சுக்கு முன்பே வாங்கிக் குடித்துவிட்டு, ‘சூடே இல்லையே’ என்று திருப்பிக் கொடுப்பதும் நம் மரபே (பெரியப்பா, மேலது, மேலும் காண்க: பெரியப்பா, அதே டம்ளர், மறுபடி சுடவைத்த பின்).

7. பெருங்குடல்

கட்டுரையின் உயிர்நிலை இது. ‘காபி உள்ளே போனால்தான் வெளியே போகும்’ என்னும் கோட்பாடு தமிழகத்தில் எழுதாக்கிளவியாக வழங்கி வருகிறது. ஆங்கிலேயர் இதை நம்பாமல் 1990-இல் தன்னார்வலர்களின் பெருங்குடலில் கருவி நுழைத்துப் பார்த்தார்கள். குடித்த நான்கு நிமிடத்துக்குள் குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்கியது. காஃபீன் நீக்கிய காபிக்கும் அசைந்தது. வெறும் வெந்நீருக்கு அசையவில்லை. எல்லாருக்கும் அல்ல; காபி குடித்தால் போகத் தோன்றும் என்று சொன்னவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரே. ஆக, வேலையைச் செய்வது காஃபீன் மட்டும் அல்ல. காஸ்ட்ரின் முதலிய சுரப்புகளுக்குப் பங்குண்டு என்பர். பெரியப்பாவின் குடலில் யாரும் கருவி நுழைக்கவில்லை, தேவையும் ஏற்படவில்லை.

இத்துறையில் இரு பள்ளிகள் உள. காலைக்கடனை முடித்துவிட்டே காபியைத் தொடுவோர் முற்போக்கினர். காபியைக் குடித்த பின்னரே செல்வோர் பிற்போக்கினர். இரு சாராரும் ஒரே கூரையின்கீழ், ஒரே கழிப்பறையுடன் வாழ நேர்ந்ததன் விளைவுகள் அரசியல் வரலாற்றில் இன்னும் எழுதப்படவில்லை. செய்தித்தாள்வாதிகள் என மூன்றாம் சாராரும் உண்டு. குடலை அசைப்பது காபி அன்று, உடன் படிக்கும் நாளிதழே என்பது அவர்கள் துணிபு. நாளிதழ்களுக்கு விடுமுறை விட்ட மறுநாளும் பெரியப்பா குறித்த நேரத்தில் எழுந்து சென்றமையால் இவ்வாதம் அடிபட்டுப் போகிறது. அன்று பழைய வார இதழ் ஒன்று கையில் இருந்தது என்று அவர்கள் வாதிடக்கூடும். நாம் பார்த்தவரை இருந்தது பஞ்சாங்கம்.

இந்த நான்கு நிமிடத்தின் சமூகப் பரிமாணம் ஆழமானது. ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் காபி கொடுத்தால் குறைந்தது இருவர் ஒரே கதவை நோக்கி நடப்பர். ஆகவேதான் நம் பாட்டிமார் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் காபி கலந்தனர். பால் இன்னும் பொங்கவில்லை என்று அவர்கள் சொன்னது போக்குவரத்துக் கட்டுப்பாடே. கூட்டுக்குடும்பம் உடைந்ததற்குச் சமூகவியலார் சொத்து, வேலை, நகர்மயம் எனக் காரணங்களை அடுக்குவர். தரவு திரட்டிய எவரும் காலை ஆறரை மணிக்கு அந்த வீடுகளில் இருந்ததில்லை என்பது அவர்தம் நூல்களைப் படித்தாலே விளங்கும் (சித்தப்பா, கதவுக்கு உள்ளிருந்து, கேட்டு எழுதியவர் சித்தி, கதவுக்கு வெளியிலிருந்து, குழாய்ச் சத்தத்தால் இடையில் இரண்டு வரிகள் சிதைந்துள்ளன, பாடபேதம்: தாத்தா, தோளில் துண்டுடன் காத்திருந்தபோது கூறியது, ‘சீக்கிரம் வாடா’ என்னும் ஈற்றடி இடைச்செருகல் என்பாரும் உளர், அது மட்டுமே மூலபாடம் என்பது தாத்தாவின் கருத்து).

முடிவுரை

மேற்கூறியவற்றால் காபி உடம்பை ஏதோ செய்கிறது என்னும் கருதுகோள் நிறுவப்பட்டது. எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்போருக்கு: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், உடல்நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதகமில்லை என்றது, கருவுற்றவருக்கு 200. டம்ளரில் எத்தனை மில்லிகிராம் என்பது கலக்கியவரின் கையைப் பொறுத்தது. ‘இத்துறையில் மேலும் ஆய்வு தேவை’ என்ற வாக்கியத்தை இங்கே சேர்க்கிறோம். அது இல்லாமல் அடுத்த நிதி வராது.

பரிந்துரைகள்

அ) வாய்மொழித் தேர்வு நாளில் புறத்தேர்வாளருக்கு முதல் டிகாஷனில் கலந்த காபி, வடையுடன்.

ஆ) நெறியாளருக்கும் அதுவே.

இ) அரங்கின் பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்க எழுபவருக்கு, எழுவதற்கு நான்கு நிமிடம் முன்பாக, மிகவும் ஸ்ட்ராங்காக ஒன்று.