சிறுப்பிட்டியில் இறங்கலாமா?

கேள்வி: பருத்தித்துறை பஸ் சிறுப்பிட்டியில் நிற்கிறதே, அந்தச் சிற்றூரில் இறங்கிப் பார்க்கத்தக்க விசேஷம் ஏதும் உண்டா?
— ஒரு பிரயாணி, கொழும்பு

பதில்: ஆறில்லை, மலையில்லை, அரண்மனையுமில்லை, சுண்ணக்கற்பாறைமேற் படிந்த செம்மண்ணும், கிணற்று நீரை வாய்க்கால் வழியே பருகி வளரும் புகையிலையும் வெங்காயமும், வேலிக்கப்பால் பனங்கூடலுமே கண்ணுக்குத் தெரியும். ஆயினும், 1832ஆம் ஆண்டு இம்மண்ணிற் பிறந்து, அமெரிக்க மிஷனாரிமார் 1823இல் ஸ்தாபித்த வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையிலே தேறி, பின்னாளிற் செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துப் பிரதிபேதம் பார்த்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையை ஈன்ற ஊர் அதுவே. அவரோடு கூடத் தேறிய மற்றொருவரான கறோல் விசுவநாதபிள்ளையும் அதே செமினரி மாணாக்கரே. ஆகவே, சர்வகலாசாலை சென்னையினது, பட்டதாரிகள் எங்களவர்!

இத்தனையும் கேட்ட பின்னரும் சன்னலோர ஆசனத்தைத் துறக்க உமக்கு மனம் வராவிடின், சற்றே அப்பால் நிலாவரைக்குப் போம். அடி காணாத கிணறென்று ஊரார் சொல்லும் அதனை எட்டிப் பார்த்தால், விசேஷம் வேறொன்றும் இல்லாவிட்டாலும், உமது திருமுகமாவது தெரியும்.