நடை, படி, சிலிண்டர்: தளத் தேய்மானம் குறித்து ஒரு சிற்றாய்வு

வாசற்கதவைத் திறந்ததும் கால் வைக்கும் நடையிலும், அதன் ஓரமாக மாடிக்கு ஏறும் படிகளிலும் எந்தத் தளம் போட்டால் நீடித்து உழைக்கும் என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் இதுகாறும் தீண்டவில்லை. வினா எளியது, எளியதை ஆராய்ந்தால் பட்டம் கிடைக்காது. இந்த அச்சத்தைக் களைவது இவ்வாய்வின் முதல் நோக்கம். வீட்டுக்காரர் வழுக்கி விழாதிருப்பது இரண்டாம் நோக்கம்.

ஆய்வு எல்லை: தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு. அதனுள் ஒரு பாட்டி, பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள், இரவில் நடையில் படுத்துறங்கும் ஒரு ஸ்கூட்டர்.

முதலில் முன்னோர் கருத்து. தலைச்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நடந்ததாக இறையனார் களவியல் உரை சொல்கிறது. கூட்டினால் 9,990 ஆண்டுகாலப் புலவர் நடமாட்டம். அத்தனை காலடியையும் தாங்கிய தளம் எதுவென்று உரையாசிரியர் எழுதாமல் விட்டது பெருங்குறை. முதலிரு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதால் தளத்தையும் கடல் கொண்டது எனத் துணியலாம். சான்று தட்டுப்படாத இடத்திலெல்லாம் கடல் வந்து கைகொடுப்பது இத்துறையின் நல்லூழ்.

கைக்கெட்டும் சான்று தஞ்சைப் பெரிய கோயில். 1010இல் நிறைவுற்ற கருங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்கள்; சிலிண்டரும் உருட்டுவதில்லை. ஆகவே ஒப்பீடு பொருந்தாது (கொத்தனார் வாய்மொழி, காலை டீக்கு முன்). பொருந்தும் என்பாரும் உளர் (மேற்படியார், டீக்குப் பின்).

இனிக் கடினம். ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தி, எது எதைக் கீறும் என்று ஓர் அளவுகோல் வகுத்தார். மாவுக்கல் 1, வைரம் 10. மார்பிளின் உடம்பு கால்சைட். அதன் எண் 3. கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. தெருவிலிருந்து செருப்போடு வரும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், அதுவும் 7. தரையைத் தேய்ப்பது கால் அன்று, காலுக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்ட மணல் என்பது இதனால் பெறப்படும். வாசலில் கல்மாவுக் கோலம் போடும் வீடுகளில், அதை மிதித்து வருவோர் அந்தப் பொடியையும் உள்ளே சேர்க்கிறார்கள். வாசலுக்கு வெளியே சொரசொரப்பாக ஒரு கால்மிதி, உள்ளே துணியில் ஒன்று, நாள்தோறும் துடைப்பம்: இம்மூன்றும் இருந்தால் எந்தத் தளத்துக்கும் ஆயுள் கூடும். ஆய்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். பக்கக் கணக்கு போதாமையால் தொடர்கிறது.

மேற்பூச்சு உள்ள டைல்ஸுக்கு ‘பி.ஈ.ஐ.’ என்றொரு தரவரிசை உண்டு, 0 முதல் 5 வரை. எஃகுக் குண்டுகள், அலுமினியம் ஆக்சைடு பொடி, தண்ணீர் மூன்றையும் டைல்ஸின் மேல் போட்டுச் சுழற்றி, எத்தனையாவது சுற்றில் தேய்வு கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 12,000 சுற்று தாண்டியும் மாறாமல், கறையும் பிடிக்காமல் இருந்தால் 5. நடைக்கு 4க்குக் குறையாமல் கேட்பது நலம். 0 என்பது சுவருக்கு. கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால், சுவரில் நடக்கும் மரபினர் என்று கொள்க.

வழுக்கலுக்கும் ஜெர்மானியரே சோதனை கண்டனர். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரைப் பூட்ஸோடு நடக்கவிட்டு, அவர் தடுமாறும்வரை சாய்வைக் கூட்டுவார்கள். 6 முதல் 10 பாகை வரை தாங்கினால் ஆர்-9. 10 முதல் 19 வரை ஆர்-10. வெறுங்காலுக்கு வேறொரு சோதனை: சோப்புத் தண்ணீர், செருப்பில்லாக் கால், ஏ, பி, சி என மூன்று வகுப்பு. தமிழ் வீட்டுக்குப் பொருந்துவது பின்னதே. ஆனால் நம் கடைகளில் டைல்ஸைத் தேர்ந்தெடுப்போர் அதை நிமிர்த்தி வைத்து, விளக்கு அதில் எப்படித் தெரிகிறது என்றே பார்க்கின்றனர். விளக்கு நன்றாகத் தெரியும் தரையில்தான் பாட்டி விழுகிறார் (எதிர் வீட்டார் மதில்மேல் ஆற்றிய உரை, இரண்டாம் பதிப்பு, திருத்தியதும் பெருக்கியதும்).

வகைப்பாடு வருமாறு.

கார்ப்பெட்: மழைக்காலம் வரை அழகு.

லேமினேட் மரம்: தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் நாடு இது.

மார்பிள்: தாஜ்மகாலுக்கு மக்ரானா மார்பிள் போட்ட ஷாஜகான் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் யார் தரையில் சிந்தினார் என்பது தெரியவில்லை. புளியும் எலுமிச்சையும் பட்டால் கால்சைட் அரிக்கும். கழிப்பறை ஆசிட்டைக் கொண்டு நடையைத் துடைத்தால் பளபளப்பு அன்றோடு போயிற்று.

கடப்பா கல்: கறுப்பாக இருப்பதால் பலர் இதைக் கருங்கல் என்று நம்புகின்றனர். இதுவும் சுண்ணாம்புக்கல்லே, மேற்படி ஆசிட் விதி இதற்கும்.

காவித் தரை: இரும்பு ஆக்சைடும் சிமெண்டும் கலந்து தேய்த்துப் போடுவது. நடக்க நடக்க மினுங்கும். விரிசல் விட்டால் ஒட்டுப்போடுவது வெளியே தெரியும். போடத் தெரிந்த கை கிடைத்தால் அவரை ஊருக்குத் திரும்ப விடக்கூடாது.

ஆத்தங்குடி: கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டு ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. துடைக்கத் துடைக்க மெருகேறும். சிமெண்டு ஆகையால் ஆசிட் இதற்கும் பகை.

விட்ரிஃபைடு: பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வருவது. எடையில் அரை விழுக்காட்டுக்குமேல் தண்ணீர் உறிஞ்சாது. கறை பிடிப்பது அரிது. சரியாகப் போட்டால் நடைக்கு இதுவே போதும்; மேட் பினிஷ் உத்தமம்.

கிரானைட்: படிக்கு.

இனி ஆய்வின் உயிர்நிலையான சிலிண்டருக்கு வருவோம். சமையல் எரிவாயு 14.2 கிலோ, அதைச் சுமக்கும் எஃகுக் கலம் அதே அளவுக்குச் சற்று அதிகம், ஆகமொத்தம் முப்பது கிலோ. இதைச் சாய்த்து, அடிவளையத்தின் விளிம்பில் நிறுத்தி, நடை முழுக்க உருட்டிப் போவது மரபு. மார்பிளில் அவ்வளையம் வில்வில்லாகக் கீறிச் செல்லும். இக்கீறல்களை வட்டெழுத்து எனக் கொள்ள இடமுண்டு. கிரானைட்டில் கீறல் விழாது. மாறாக எஃகே தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகப் படியும். ஆக, ஒன்று கல்வெட்டு, மற்றது ஓவியம்.

சிலிண்டரின் மேலேயும் எழுத்துண்டு. கழுத்துத் தகட்டில் ‘ஏ-27’ என்றிருந்தால், 2027இன் முதல் காலாண்டுக்குள் அடுத்த சோதனை செய்ய வேண்டும் என்பது பொருள். ‘ஏ’யை ஏழெனக் கொண்டு ‘இருபத்தேழாம் ஆட்சியாண்டு, ஏழாம் நாள்’ எனவும் வாசிக்கலாம். யாருடைய ஆட்சியாண்டு என்பதில் மூன்று கொள்கைகள் உள்ளன. மூன்றையும் சொன்னவர் ஒருவரே, மூன்று கருத்தரங்குகளில். மாடிப்படியில் விழுந்த கீறல்களைப் படியெடுக்கலாமா என்ற யோசனையும் எழுந்தது. தமிழ்க் கல்வெட்டுப் படிகள் நெடுங்காலம் மைசூரில் கிடந்ததை எண்ணி, வீட்டார் படியைத் தர மறுத்துவிட்டனர்.

உருட்டுவது ஒருபுறம், இறக்குவதே பேரிடர். மாடியில் சமையலறை உள்ள வீட்டில், காலிச் சிலிண்டர் ஒவ்வொரு படியாக ‘டங்’ என இறங்கும். மோஸின் எண் இங்கே உதவாது. அது கீறலைச் சொல்லும், அடியைச் சொல்லாது. வைரத்தையும் சுத்தியால் உடைக்கலாம். டைல்ஸுக்கு அடியில் கலவையை நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தால் இடையில் பொள்ளல் நிற்கும். காசால் தட்டினால் அவ்விடம் ‘டொக்’ என்று வெற்றொலி தரும். சிலிண்டரும் அவ்விடம் பார்த்தே இறங்கும் (காண்க: சிலிண்டர் உருட்டற் படலம், சிறப்புப் பாயிரம், அதன் பழைய உரை, அவ்வுரையை மறுத்த எதிருரை, எதிருரைக்கு எழுந்த ஏழு மறுப்புரைகள். இவற்றுள் ஒன்றும் கிடைத்திலது. கிடைத்திருப்பின் இவ்வாய்வையே வலியுறுத்தியிருக்கும் என்பது ஒருதலை). ஆகவே டைல்ஸின் அடி முழுவதும் கலவை அல்லது பசை பரவ வேண்டும். கொத்தனாருக்குப் பணம் கொடுக்கும் முன் காசு தட்டிப் பார்க்க வேண்டும்.

படிக்கு அளவே தலையாயது. இரு படிகளின் உயரத்தோடு ஒரு மிதிப்பலகையின் அகலத்தைக் கூட்டினால் மனிதரின் ஓர் எட்டு வரவேண்டும் என்று பிரெஞ்சுக்காரரான ஃப்ரான்சுவா ப்ளோந்தெல் பதினேழாம் நூற்றாண்டில் விதித்தார். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேலும், அகலம் 250க்குக் குறைந்தும் கூடாது என்கிறது. கூட்டிப் பார்த்தால் 630. ஏறக்குறைய ஓர் எட்டு. பழைய படிமேல் புதுக்கல் ஒட்டும் வீடுகளில் இக்கணக்கு கெடுகிறது. படிகளுக்கெல்லாம் கல் ஒட்டி, கீழ்நடையையும் மாடித் தரையையும் அப்படியே விட்டால் முதல் படி கல்லும் கலவையும் சேர்ந்த அளவுக்கு உயரும், கடைசிப் படி அதே அளவு தாழும். கால் நடுப்படிகளின் அளவைப் பழகிக்கொண்டு ஏறும். இடறுவது இவ்விரு முனைகளில்தான்.

படியில் முதலில் தேய்வதும் உடைவதும் மூக்கு. டைல்ஸை வெட்டினால் ஓரத்தில் மேற்பூச்சு இராது, உள்மண் தெரியும். கிரானைட் உள்ளும் புறமும் ஒன்றே. மூக்கை உருட்டி மெருகிடலாம், பிடிமானத்துக்கு விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கோடு அறுக்கலாம். அக்கோடுகளில் சேரும் அழுக்கைப் பழைய பல்துலக்கியால் எடுக்க வேண்டும் (மாமியார் சுருதி, வாய்மொழி, தினசரி).

வாங்குமுன் ஒரு குறிப்பு. டைல்ஸின் நிறம் தொகுதிக்குத் தொகுதி மாறும்; பெட்டியின்மேல் உள்ள தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வைக்க வேண்டும். அப்பெட்டியிலிருந்து ஒன்று துளசித் தொட்டிக்கு அடியிலும், ஒன்று வாஷிங் மெஷினின் ஆடும் காலுக்கு அடியிலும், ஒன்று ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டுக்கு அடியிலும் போய்ச் சேர்வது எதனால் என்பதும், நான்காவது எங்கே என்பதும் மேலாய்வுக்கு உரியன. நிதி வேண்டி விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது.