கட்டில் உன்ரை, கணக்குக் காத்தின்ரை

எட மோனை, நோர்வேயின்ரை வடக்குத் தொங்கல், ஃபின்மார்க் கரை பாக்க வாறியாம் எண்டு கொம்மா போன் எடுத்துச் சொன்னவ. சந்தோசம். தங்கிற இடத்துக்கு ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறாய். பழங்காலத்து மரவீடா இருக்கோணும், சனமில்லாத இடமா இருக்கோணும், கடல் பாத்த யன்னல் இருக்கோணும், இரவு அமைதியா இருக்கோணும், காசும் கனக்கப் போகப்படாது. வாசிச்சு நான் சிரிச்ச சிரிப்பிலை மாமி குசினிக்குள்ளை இருந்து எட்டிப் பாத்தவ.

சிரிச்சாலும் சொல்லுறன், கேள். 1980களிலை இருந்து எங்கடை சனம் கனபேர் உந்தக் கரையிலை மீன் பக்டரியளிலை கத்தி பிடிச்சுத்தான் பிள்ளையளைப் படிப்பிச்சவை. நானும் அதிலை ஒருத்தன். வாடைக்கும் சோளகத்துக்கும் பிறந்து வளந்த எனக்கே இஞ்சத்தைக் காத்துப் புதுப் பாடம் படிப்பிச்சது. படங்காட்டி விக்கிறவன் சொல்லாததை நான் சொல்லுறன்.

முதல் பழங்கால வீடு. 1944 கடைசியிலை, ரஷ்யன் பட்டாளம் கிழக்காலை தள்ளிக்கொண்டு வர, பின்வாங்கின ஜெர்மன்காறன் ஃபின்மார்க் சனத்தை வெளியேத்திப்போட்டு வீடு வாசலெல்லாம் கொளுத்தினவன். எரிஞ்சது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். ஹொன்னிங்ஸ்வோக் எண்ட ஊரிலை மிஞ்சினது ஒரேயொரு தேவாலயம். சண்டை முடிஞ்சு திரும்பி வந்த சனம் அதுக்குள்ளைதான் முதல் பாய் விரிச்சது. ஆகவே, "இது எங்கடை பாட்டன்ரை பாட்டன் கட்டின வீடு" எண்டு ஆராவது உனக்கு வாடகைக்குத் தந்தால், வாடகையைக் கேக்க முந்திப் பாட்டன்ரை வயசைக் கேள். கரை முழுக்க நிக்கிறது சண்டைக்குப் பிறகு ஒரே அச்சிலை கட்டின சின்னச் சதுர வீடுகள்தான். வடிவில்லை எண்டு முகத்தைச் சுளிக்காதை. சூடு நிக்கும், கூரையும் நிக்கும். இஞ்சை வீட்டுக்கு அதைவிட வேறை என்ன லட்சணம் வேணும்?

எரியாமல் தப்பின இடங்களும் ஒண்டு ரண்டு இருக்கு. வார்டோ எண்ட ஊரிலை இருந்து ஏறத்தாழ நாப்பது கிலோமீற்றர் போனால் ஹாம்னிங்பெர்க். ரோட்டுக் கரையிலை பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கும். போய்ச் சேந்தால் நீ கேட்ட பழைய மரவீடுகள் வரிசையா நிக்கும். ஆனால் வருசம் முழுக்க அங்கை ஆரும் இருக்கிறேல்லை, மாரி வர ரோட்டையும் பூட்டிப்போடுவினம். கோடைப் பகலிலை போய்ப் படத்தை எடு. படுக்கைக்கு வார்டோவுக்குத் திரும்பி வா.

ரண்டாவது, சனமில்லாத இடம். இதுக்கு ஒரு கதை இருக்கு. தப்பின மற்ற ஊர் பூகொய்னெஸ். 1989 இலை அந்த ஊர்ச்சனம் என்ன செய்தது தெரியுமோ? மீன் தொழில் படுத்துப் போச்சு, வேலை இல்லை. ஊரே ஒண்டாச் சேந்து "டாக்பிளாடெ" எண்ட பேப்பரிலை விளம்பரம் போட்டது: எங்கள் எல்லாரையும் ஒண்டா எடுக்க எந்த ஊராவது இருக்கோ எண்டு. கலியாணத்துக்கு விளம்பரம் பாத்திருக்கிறம், காணிக்குப் பாத்திருக்கிறம். ஒரு ஊர் தனக்கு ஊர் தேடினதை அண்டைக்குத்தான் பாத்தம். பேந்து நண்டு வந்தது. 1960களிலை சோவியத்காறன் பாரென்ட்ஸ் கடலிலை கொண்டுவந்து விட்ட ராட்சத நண்டு, விசாவும் இல்லாமல் எல்லை தாண்டி நோர்வேக்குள்ளை நடந்து வந்திட்டுது. வலையைக் கிழிக்குது எண்டு முதல் எல்லாரும் அதைத் திட்டினவை. இப்ப அந்த நண்டுதான் ஊருக்குச் சோறு போடுது. வெளியூர்க்காறர் அதைச் சாப்பிட எண்டே வருகினம். சீவிக்க வழியில்லை எண்டு சனம் மூட்டை கட்ட வெளிக்கிட்ட ஊரிலை, படுக்க இடமில்லை எண்டு நீ இப்ப மூட்டையோடை நிக்கப் போறாய். அதாலை ஆடி மாசம் வாறதெண்டால் மாசிக்கு முதலே சொல்லி வை.

சனமில்லாத இடத்திலை கடையும் இல்லை எண்டதையும் மறவாதை. சின்ன ஊருக்கு ஒரு கடைதான். ஞாயிறெண்டால் அதுவும் கனக்கப் பூட்டு. சனிக்கிழமை பின்னேரம் வெறும் பையோடை வந்து இறங்கினியெண்டால், திங்கள் விடியுமட்டும் அந்த வடிவான கடலைத்தான் பாத்துக்கொண்டு இருக்கோணும். கடல் வயித்தை நிரப்பாது மோனை.

மூண்டாவதும் நாலாவதும், கடல் பாத்த யன்னலும் இரவு அமைதியும். ரண்டையும் ஒரே வீட்டிலை கேக்கிறியே, அதுதான் பகிடி. வார்டோவிலை யன்னல் கட்டு உனக்கு முதலே வாடகைக்குப் போயிட்டுது. கடல் பக்கத்துக் கட்டிடங்களிலை கிறிக்கியே எண்ட கடற்காகம் குடியேறியிருக்கு. வெள்ளை நெஞ்சு, சாம்பல் முதுகு, மஞ்சள் சொண்டு, மையிலை தோய்ச்செடுத்த செட்டை நுனி. பாத்தால் பால் வடியிற முகம். நாலு விரல் அகலக் கட்டிலை பாசியும் சேறும் புல்லும் அப்பிக் கூடு கட்டி, வாலைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும். அதுக்குக் கீழை சுவர் முழுக்க வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு நேர் கீழை காரை நிப்பாட்டினவன் வெளியூர்க்காறன் எண்டு ஊரிலை எல்லாருக்கும் தெரியும். புருசனும் பெண்சாதியும் முகத்துக்கு முகம் நிண்டு கத்தத் தொடங்கினால் தெருவே ஒப்பாரி வைக்கும். குடும்பச் சண்டையெண்டு நினையாதை, அது அவையின்ரை கொஞ்சல்.

இரவிலையாவது நித்திரை கொள்ளாதோ எண்டு கேப்பாய். எந்த இரவு? நோர்ட்காப் எண்ட வடக்கு முனையிலை மே நடுப்பகுதியிலை இருந்து யூலை கடைசி மட்டும் சூரியன் கடலுக்குள்ளை இறங்காது. சாமம் பன்ரண்டு மணிக்குப் பெடியள் சைக்கிள் ஓடுவினம், முன்வீட்டுக்காறர் வேலிக்குப் பெயின்ற் அடிப்பார். எட்டு மாசக் குளிருக்கு வட்டியும் முதலுமா வெயில் குடிக்கிற சனம், நீ நித்திரை கொள்ளுறாய் எண்டு சும்மா இருக்குமோ? அதாலை கடல் தெரியுதோ எண்டு கேக்க முந்தி, திரைச்சீலை கறுப்போ, தடிப்போ எண்டு கேள். கண்ணைக் கட்டுற துணி ஒண்டும் கொண்டு வா.

அஞ்சாவது காசு. காசில்லாதவனுக்கு இந்த நாட்டிலை ஒரு ராச சட்டம் இருக்கு. 1957 இலை போட்டது. வேலி அடைச்ச காணி, பயிர்க் காணி இல்லாத வெளியிலை, ஆக்கள் குடியிருக்கிற வீட்டுக்கு நூற்றைம்பது மீற்றர் தள்ளி, ஆரையும் கேளாமல் ரண்டு இரவு கூடாரம் அடிக்கலாம். சட்டம் இடம் தரும், பாறை தராது. உந்தக் கரையிலை கூடார ஆணி அடிக்க ஒரு சாண் மண் தேடிப் பார். பிறகு காத்து வந்து கூடாரத்தைக் கழட்டி ரஷ்யாப் பக்கம் அனுப்பேக்கை, அங்கை நோர்வேச் சட்டம் செல்லாது.

வீட்டு வான் எடுத்து வாறன் எண்டு சொல்லுவாய். நோர்ட்காப் மேட்டிலை, கடலுக்கு மேலை 307 மீற்றரிலை, அப்பிடி வரிசையா நிக்கினம். கடற்காத்து வானை ஆட்டேக்கை கொம்மா உன்னை ஏணையிலை போட்டு ஆட்டினதுதான் ஞாபகம் வரும். என்ன, அப்ப நீ அழுதால் பால் கிடைச்சது.

மிச்சம் இருக்கிறதுக்குள்ளை எனக்குப் பிடிச்சது துறைமுகத்துக் கரையிலை மீன்பிடிகாறர் தங்கின பழைய அறையள், அதுக்கடுத்தபடி காம்பிங் கொட்டிலுகள். அடுப்பு, பானை, சுவர் ஹீற்றர் எல்லாம் இருக்கும். வாசலிலை வரவேற்கப் பொம்பிளை நிக்காது. கதவுக்கு நாலு இலக்கம் போனுக்கு வரும், அவ்வளவுதான் வரவேற்பு. கட்டிலிலை பஞ்சுப் போர்வை கிடக்கும், ஆனால் உறையும் விரிப்பும் நீ கொண்டு வரோணும், இல்லாட்டி அதுக்கு வேறை காசு. சப்பாத்தை வாசலிலை கழட்டு. வெளிக்கிடேக்கை கூட்டித் துடைச்சு, குப்பையை இனம் பிரிச்சுப் போட்டிட்டுப் போ. அதுவும் ஏலாதெண்டால் கழுவுறதுக்கும் காசு. வீட்டிலை கோப்பை கழுவாத பெடியள் ஒஸ்லோவிலை இருந்து வந்து இஞ்சை முழங்காலிலை நிண்டு நிலம் துடைக்கிறதைப் பாத்திருக்கிறன். சுற்றுலா மனிசனைத் திருத்தும் எண்டு சொல்லுறது பொய்யில்லை.

ஹோட்டலுக்கு நான் எதிரியில்லை. விடியச் சாப்பாட்டு மேசை ஒண்டுக்காகவே ஒரு நாள் எடுக்கலாம். ஆனால் ஊருக்கு ஒண்டு, மிஞ்சினால் ரண்டு. அதிலையும் பாதி அறையிலை பாலம் கட்ட வந்தவனும் வயர் இழுக்க வந்தவனும் இருப்பான். கப்பலும் ஒரு படுக்கைதான். 1893 இலை தொடங்கின கரையோரக் கப்பல் பேர்கனுக்கும் கிர்கெனெசுக்கும் நடுவிலை இப்பவும் ஓடுது. ஒரு துறையிலை ஏறி அடுத்த துறையிலை இறங்கவும் விடுவினம். வடக்கு நோக்கிப் போற கப்பல் வார்டோவைத் தொடுறது நடுச்சாமம் கழிஞ்சு. அந்த நேரம் இறங்கிக் கதவு தட்டினால் உனக்குத் திறக்கிறது கிறிக்கியேயின்ரை வாய் மட்டும்தான். கதவு இலக்கத்தை முதலே வாங்கி வை.

இப்ப பட்டியலைக் கிழி. உண்மையிலை நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: இந்த இடத்திலை ரண்டு நாள் கூட மாட்டுப்பட்டால் நான் என்ன செய்வன்? இஞ்சை கட்டிலை நீ தெரியலாம், எத்தினை நாள் எண்டு காத்துத்தான் தெரியும். மாரியிலை போட்ஸ்ஃபியூர்டுக்கும் பெர்லெவோக்குக்கும் மலை தாண்டிப் போற ரோட்டிலை படலை விழுந்திட்டுது எண்டால், பனி தள்ளுற வண்டி வருமட்டும் காத்திருந்து, வரிசையா அதின்ரை வாலைப் பிடிச்சுக்கொண்டுதான் போகலாம். நோர்ட்காப்புக்குப் போற கடைசிப் பதின்மூண்டு கிலோமீற்றரும் மாரியிலை அப்பிடித்தான். காத்துக் கூடினால் அந்த வண்டியும் வராது. "எனக்கு பிளைட் இருக்கு" எண்டு நீ சொன்னால் படலைக்காறர் மரியாதையாத் தலை ஆட்டுவார். படலை ஆடாது.

அதாலை நான் சொல்லுற இடத்துக்கு வடிவு முக்கியமில்லை. நடந்து போற தூரத்திலை கடை, உள்ளுக்கை அடுப்பு, ஈரச் சப்பாத்துக் காய ஒரு சூடான மூலை, சுவருக்கு அப்பாலை பேச்சுக்கு ஒரு மனிசன். இந்த நாலும் இருந்தால் எடு. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊர் எண்டு ஓடாதை. ஒரு ஊரிலை மூண்டு இரவு போடு, வேண்டாமெண்டால் காசு திருப்பித் தாற இடமாப் பார். புறப்பட முந்தி ரோட்டு இலாகாவின்ரை 175 க்கு அடிச்சு ரோட்டைக் கேள். துறைமுகத்திலை வள்ளங்களை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டுகினம் எண்டால் போனும் தேவையில்லை, அடுப்பை மூட்டு.

கடைசியா, நீ கேளாமல் வாய்க்குள்ளை வச்சிருக்கிற கேள்விக்கும் மறுமொழி சொல்லுறன். ஓம், எங்கடை வீட்டிலை சோபா இருக்கு. யன்னல் பாத்தது மீன் பக்டரியின்ரை பின்பக்கத்தை. ரண்டு நாள் நீ விருந்தாளி. மூண்டாம் நாள் மாமி கையிலை கத்தியும் ஒரு பெட்டி கொட் மீனும் தருவா. ஒரு கிலோ யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளோடை வந்தியெண்டால் கத்தியை நாலாம் நாளுக்குத் தள்ளி வைக்க நான் கதைச்சுப் பாக்கிறன். ரண்டு கிலோ எண்டால் காத்தோடையும் கதைக்கலாம்.